அக்கரைக் கடைசி வீடு

மொக்கம்மாள் வீடு வாங்கப் போகிறாள் என்ற செய்தி போடிக்கு வந்து சேர்ந்தபோது, வாங்குவதா வேண்டாமா என்று அவளே இன்னும் முடிவு செய்திருக்கவில்லை. அவளுக்காக ஊர் முடிவு செய்துவிட்டது. கீழத்தெருவில், வாங்கக் கூடாது என்றார்கள். பஸ் நிற்கிற இடத்தில், அவளால் வாங்கவே முடியாது என்றார்கள். செக்கு வைத்திருக்கிறவர் வீட்டில் மட்டும், வாங்குவாள், வாங்கி மூன்றே மாதத்தில் தம்பி வீட்டு வாசலில் டிரங்குப் பெட்டியோடு வந்து நிற்பாள் என்று மாதக் கணக்குவரை சொல்லிவிட்டார்கள்.

மலையைக் கேரளத்தோடு சேர்த்த மறு வருஷம், மாசி மாதம் அது.

குரங்கணி போகிற பாதையில், மலை தரையில் காலை ஊன்றுகிற இடத்தில் அந்தக் குடியிருப்பு இருந்தது. ஏலத்தோட்டங்களில் வேலை பார்த்து ஓய்ந்தவர்களுக்காகத் தோட்ட முதலாளி ஒருவர் கொடுத்த நிலம். வாசலில் 'மலைத்தோட்ட ஊழியர் ஓய்வுக் குடியிருப்பு' என்று பலகை தொங்கியது. ஊர் அதை 'உட்கார்ந்தான் காலனி' என்றது. கங்காணியாக இருந்தவர், கணக்குப்பிள்ளையாக இருந்தவர், ஸ்டோரில் ஏலக்காய் உலர்த்தியவர், எல்லாரும் நாற்பது வருஷம் ஏறி இறங்கிய காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்ததால் அந்தப் பெயர். சட்டதிட்டம் உண்டு. மலையில் இருபது வருஷம் உழைத்தவர்தான் அங்கே வீடு வாங்கலாம். விற்றால் அப்படிப்பட்டவருக்கே விற்க வேண்டும். பிள்ளைகள் பொங்கலுக்கு வரலாம், தீபாவளிக்கு வரலாம், தங்கக் கூடாது. முதலில் வந்த இரண்டு பேரின் மகன்கள் குடும்பத்தோடு வந்து இறங்கி, பெற்றவர்களை மாட்டுக் கொட்டகைக்கு அனுப்பியதில் பிறந்த சட்டம் இது.

ஓடைக்கு இந்தப் பக்கம் மூன்று வரிசையாக இருபத்திரண்டு வீடு. அந்தப் பக்கம் மூன்றே மூன்று. அந்த மூன்றில் ஒன்று, சொந்தக்காரர் செத்து வாரிசுகள் கோர்ட்டுக்குப் போனதால் பூட்டிக் கிடந்தது. இன்னொன்று சுவரோடு நின்றுவிட்டது. கடைசி வீடு ராஜாராமுடையது. அதற்கப்பால் லேசாக மேடேறி, புதராகி, மலை ஆகிவிடும். ராஜாராம் ஸ்டோர் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். மகன் மதுரையில் வேலையாகிவிட்டான், அவனோடு போய் இருக்கப் போகிறார். வெள்ளிக்கிழமை சங்கத்துக் கூட்டத்தில் வீட்டுக்கு விலை பேசுவது. பேசி முடியவில்லையென்றால் ஞாயிற்றுக்கிழமை சாவியைச் சங்கத்திடம் கொடுத்துவிட்டு அவர் வண்டி ஏறிவிடுவார். சங்கத் தலைவர் அழகுமலை அதை விறகு போட்டுவைக்கும் இடமாக ஆக்கிவிடுவார். அதற்கு அவர் ஏற்கெனவே கதவை அளந்து பார்த்துவிட்டார் என்று கேள்வி.

மொக்கம்மாளுக்கு ஐம்பத்தெட்டு வயது. கல்யாணமான இரண்டாம் வருஷம் புருஷன் கண்டிச் சீமைக்குப் போனான், போனவன் போனவன்தான். அவள் மலைக்கு ஏறினாள். முப்பத்தோரு வருஷம் ஸ்டோரில் ஏலக்காய் பொறுக்கினாள். கடைசிப் பத்து வருஷம் நாற்பது பெண்களுக்குத் தலைவி. எந்தச் சுளகில் எவள் பிளந்த காயை ஒளித்திருக்கிறாள் என்று முதுகைத் திருப்பிக்கொண்டே சொல்லுவாள். போன ஆவணியில் தோட்டத்தார் ஒரு தொகையைக் கையில் கொடுத்து, சந்தன மாலை போட்டு, ஜீப்பில் ஏற்றிக் கீழே அனுப்பினார்கள். அன்றிலிருந்து போடியில் தம்பி கண்ணுச்சாமி வீட்டில் இருந்தாள்.

இருந்தாள் என்றால், பின்கட்டில் புளி மூட்டைகளுக்கும் உரலுக்கும் நடுவே பாயை விரித்தாள். தம்பி பெண்சாதி சந்திரவல்லி தங்கமானவள். அவள் எதையும் செய்யச் சொல்லமாட்டாள். "அக்கா வந்ததிலேருந்து எனக்குச் சோலியே இல்ல" என்று தெரு முழுக்கப் பெருமையாகச் சொல்லிக்கொண்டாள், அவ்வளவுதான். அதைக் கேட்டவர்கள், சோலி எங்கே போயிற்று என்று கேட்கவில்லை.

அந்த வீட்டை மொக்கம்மாள் மூன்று தடவை போய்ப் பார்த்தாள். மூன்று தடவையும் முதல் வரிசை வேலுத்தாய்க்கு ஓடைப்பக்கம் சுள்ளி பொறுக்குகிற வேலை வந்தது. அதனால் நடந்ததெல்லாம் நமக்குத் தெரியும்.

ஏலக்காய் மூட்டையின் வாயைப் பார்த்து வாங்குகிறவன் ஏமாளி. மேலே பச்சைப் பசேலென்று கொழுத்த காய் கிடக்கும், அடியில் வெளுத்ததும் வெற்றுத் தோலும் கிடக்கும். மொக்கம்மாள் முழங்கைவரை கையை விட்டு அடியிலிருந்து ஒரு பிடி எடுத்து, காதோரம் குலுக்கிப் பார்த்து வளர்ந்தவள். வீட்டையும் அப்படித்தான் பார்த்தாள். ராஜாராம் முன்வாசல் நிலையைத் தட்டித் தட்டி, தேக்கு என்று சொல்லிக்கொண்டிருந்தபோது அவள் சமையல்கட்டுக்குப் போய் ஒரு குடம் தண்ணீரை அங்கணத்தில் கொட்டிவிட்டு, அது எங்கே போய் நிற்கிறது என்று பார்க்கக் கொல்லைக்கு ஓடினாள். வடக்குச் சுவரை நகத்தால் சுரண்டி மோந்து பார்த்தாள். நடுவீட்டில் மல்லாந்து படுத்து, ஓட்டில் எத்தனை இடத்தில் வெளிச்சம் தெரிகிறதென்று எண்ணினாள். இரண்டு. கிணற்றுக்கு நாற்பத்தொரு எட்டு. ஓடைக்கு நூற்றிருபது. அதன் பிறகு கல் மேல் கால் வைத்துத் தாண்ட வேண்டும்.

மூன்றாம் தடவை, ராஜாராமும் அவர் மனைவி அய்யம்மாளும் போடிக்குப் போயிருந்தார்கள். சாவியை வாங்கிக்கொண்டு காலையிலிருந்து மத்தியானம்வரை அவள் உள்ளே தனியாக உட்கார்ந்திருந்தாள். வேலுத்தாயால் இந்த ஒன்றைத்தான் புரிந்துகொள்ள முடியவில்லை. வெறும் வீட்டில் ஒரு பொம்பளை என்ன செய்வாள் என்று காலனி முழுக்கக் கேட்டுவிட்டாள்.

என்ன செய்தாள் என்றால், பயந்தாள்.

மலையில் லயன் வீட்டில் இருந்தவள் அவள். பதினொரு குடும்பம் ஒரே கூரைக்குக் கீழ். ஒரு கோடியில் ஒருவன் இருமினால் மறுகோடியில் ஒருத்தி கஷாயம் வைக்க எழுந்திருப்பாள். தம்பி வீட்டிலோ சொல்ல வேண்டியதில்லை. சத்தம் இல்லாத இடத்தில் அவள் ஒரு பகல்கூட இருந்ததில்லை. அன்றைக்கு அந்த வீட்டில், ஒரு காகம் ஓட்டின் மேல் நடந்தது அவளுக்கு ஆள் நடப்பது போலக் கேட்டது. இரண்டு தடவை எழுந்து போய் வாசலைப் பார்த்துவிட்டு வந்தாள். விழுந்து இடுப்பு ஒடிந்தால் கூப்பிட ஆளில்லை. இதே இடத்தில் செத்துக் கிடந்தால் எறும்புக்குத்தான் முதலில் தெரியும். இதையெல்லாம் காலனிக்காரர்கள் சொல்லி அவளுக்குத் தெரிய வேண்டியதில்லை. அவளே கையை அடிவரை விட்டு எடுத்துப் பார்த்துவிட்டாள்.

ஆனால் காலனிக்காரர்கள் சொல்லாமல் விடுவார்களா.

அழகுமலை சொந்தச் செலவில் பஸ் ஏறிப் போடிக்கு வந்து சொன்னார். அவர் நாற்பது வருஷம் கங்காணியாக இருந்து ஆட்களை விரட்டியவர். விரட்ட ஆளில்லாமல் சங்கத் தலைவர் ஆனவர். ஐப்பசி கார்த்திகையில் ஓடையில் இடுப்பளவு தண்ணீர் வரும், இரண்டு மூன்று நாள் அக்கரை அக்கரைதான், இக்கரை இக்கரைதான் என்றார். காட்டெருமை கொல்லைவரை வரும் என்றார். அதெல்லாம் எதற்கு, வேலுத்தாய் முதல் வரிசையில் தனியாகத்தானே இருக்கிறாள், அவள் வீட்டில் பாதியைத் தடுத்து வாங்கிக்கொண்டால் இரண்டு பொம்பளைகளுக்கும் துணையாயிற்று என்றும் யோசனை சொன்னார். வேலுத்தாயோடு ஒரு கூரையில் இருப்பதற்குக் காட்டெருமை தேவலை என்று மொக்கம்மாள் சொன்னதாக ஒரு பேச்சு உண்டு. வேலுத்தாய் அதை மறுக்கிறாள்.

கடைசியாக அழகுமலை தன் பெரிய அஸ்திரத்தை எடுத்தார்.

"மொக்கம்மா, நான் உன் நல்லதுக்குச் சொல்றேன். அங்கன நீ செத்தா மூணு நாள் கழிச்சுத்தான் எங்களுக்குத் தெரியும்."

"மூணு நாள் சும்மா இருங்கண்ணே. செத்தவளுக்கு என்ன அவசரம்."

கண்ணுச்சாமி மட்டும் எதிர்ப்பேச்சே பேசவில்லை. அதுதான் அவன் கெட்டிக்காரத்தனம். அவனுக்குக் குரங்கணிக்கு லோடு ஏற்றுகிற ஜீப்பு ஒன்று வாங்க வேண்டுமென்று மூன்று வருஷமாக ஆசை. அந்த ஜீப்பின் முன்சக்கரம் இரண்டும் அக்காவின் டிரங்குப் பெட்டிக்குள் இருக்கிறதென்று தெருவுக்கே தெரியும். அவன் அக்காவிடம் ஜீப்பைப் பற்றிப் பேசியதே இல்லை. இந்த வீட்டைப் பற்றிப் பேச்சு வந்ததும், "ஒனக்குப் பிடிச்சா வாங்குக்கா, நான் வந்து கை குடுக்குறேன்" என்றான்.

கை கொடுப்பது என்றால் என்னவென்று மலைக்கும் போடிக்கும் வெளியே இருக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டும். அந்தக் காலனியில் பசுமாடு விற்றாலும் பழைய நாற்காலி விற்றாலும் யாரும் வாயால் விலை சொல்வதில்லை. எல்லாரும் ஏலக்காய் வியாபாரத்தைப் பார்த்து நரைத்தவர்கள். விற்கிறவர் கையும் வாங்குகிறவர் கையும் ஒரு துண்டுக்குள் போகும். ஒரு விரலைப் பிடித்தால் ஒரு நூறு, விரலைப் பாதியில் மடக்கினால் ஐம்பது. நாலு விரலுக்கு மேல் போனால் மறுபடி முதல் விரலிலிருந்து பிடிப்பார்கள். பிடித்த விரலை விற்கிறவர் மறுத்துத் தள்ளுவார், வாங்குகிறவர் இன்னொரு விரல் சேர்ப்பார். வெளியே இரண்டு பேரும் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள். படிந்தால் துண்டை உதறித் தோளில் போடுவார்கள், படியாவிட்டால் கையைச் சும்மா எடுப்பார்கள். படியாத கை, அதாவது வாங்க வந்தவர் கை, அன்றைக்கு மறுபடி துண்டுக்குள் நுழையக் கூடாது. வாயால் விலை சொல்வது, சபையில் கெட்ட வார்த்தை சொல்வது போல.

இதில் பொம்பளைக்கு இடமில்லை. அடுத்தவன் பெண்சாதி கையை எவன் துண்டுக்குள் பிடிப்பான். அதனால் பெண் ஒருத்தி எதையாவது வாங்கினால், அண்ணனோ தம்பியோ மகனோ அவளுக்காகக் கை கொடுக்க வேண்டும்.

வியாழக்கிழமை ராத்திரிச் சாப்பாட்டின்போது மொக்கம்மாள் தன் முடிவைச் சொன்னாள். வாங்குவது. பத்தில் ஆரம்பித்துப் பன்னிரண்டுவரை போகலாம் என்றாள். சந்திரவல்லி ரசம் ஊற்றிய கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். கண்ணுச்சாமி மட்டும் தலையை ஆட்டி, இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொன்னான்.

வெள்ளிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்குச் சங்கக் கொட்டகையில் கூட்டம். வேலுத்தாய் வீடு தவிர எல்லா வீட்டு ஆம்பளைகளும் வந்திருந்தார்கள். முழங்கால் வலி என்று ஒரு மாதமாக வெளியே வராத இரண்டு பேர்கூட வந்திருந்தார்கள். பெண்கள் கொட்டகைக்கு வெளியே வேப்பமரத்தடியில் இருந்தார்கள், காது மட்டும் உள்ளே. அய்யம்மாள் ஒரு ஓரமாக வெற்றிலையை மடித்துக்கொண்டிருந்தாள். மொக்கம்மாள் மரத்தடிக்குப் போகவில்லை. கொட்டகைக் கால் ஒன்றில் சாய்ந்து நின்றாள். யாரும் போகச் சொல்லவில்லை, சொல்லிப் பார்க்கத் தைரியமில்லை.

அழகுமலை தன் புதுத் துண்டை எடுத்துக் கொடுத்தார். ராஜாராமும் கண்ணுச்சாமியும் எதிரெதிரே உட்கார்ந்து கையை உள்ளே விட்டார்கள். ராஜாராம் மதுரையில் வெயில் எப்படி இருக்குமோ என்றார். கண்ணுச்சாமி, இந்த வருஷம் மலையில் பூ நன்றாக எடுத்திருக்கிறது என்றான்.

மொக்கம்மாள் தம்பியின் முழங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முப்பத்தோரு வருஷம் ஸ்டோர் வாசலில் போடி வியாபாரிகள் வந்து துண்டைப் போடும்போதெல்லாம், பக்கத்தில் சுளகோடு உட்கார்ந்திருந்த பெண்களை யாரும் மனிதராகச் சேர்க்கவில்லை. அந்தப் பெண்களுக்கு வேறு பொழுதுபோக்கும் இல்லை. துண்டுக்குள் விரல் தெரியாது. ஆனால் விரலைக் கூட்டினால் முழங்கைக்கு மேல் நரம்பு எழும்பும், தோள் ஒரு நூல் முன்னால் வரும். முதலாளிக்குத் தெரிவதற்கு முன்னால் நாற்பது பெண்களுக்கும் அன்றைய விலை தெரிந்துவிடும். மத்தியானக் கஞ்சிக்கு அதுதான் தொட்டுக்கொள்ள.

கண்ணுச்சாமியின் முழங்கை இரண்டு தடவை அசைந்தது. அதன் பிறகு அசையவில்லை. ராஜாராமின் தோள் இரண்டு தடவை பின்னால் போனது, தள்ளுகிறார். கண்ணுச்சாமியின் முழங்கை முளை அடித்தது போல அங்கேயே நின்றது. அவன் வாய் மட்டும் பூவைப் பற்றி விரிவாகப் பேசிக்கொண்டிருந்தது. ராஜாராமின் முகம் சுண்டியது. மூன்றாம் தடவை தள்ளிவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார்.

அழகுமலை தொண்டையைக் கனைத்து, படியவில்லை என்று அறிவித்தார். அவர் குரலில் வருத்தம் சரியான அளவில் இருந்தது.

கண்ணுச்சாமி அக்காவின் பக்கம் திரும்பி, கேட்டது ரொம்ப அதிகம், நம்மால் ஆகாது என்று கையை விரித்தான். நாலு பேர், விடு தாயி, நல்லதுக்குத்தான் என்றார்கள். வேலுத்தாய் வேப்பமரத்தடியிலிருந்து, என் வீட்டில் பாதி காலியாகத்தான் இருக்கிறது என்று குரல் கொடுத்தாள்.

"ஏழு புடிச்சே" என்றாள் மொக்கம்மாள் தம்பியிடம். "ஏழு புடிச்சவன் அதுக்குமேல விரலே சேக்கல. பத்துல ஆரம்பின்னு சொன்னேன்ல."

துண்டுக்குள் நடந்ததை ஒரு பெண் வாயால் சொல்லிவிட்டாள். அதுவும் சரியாகச் சொல்லிவிட்டாள் என்று ராஜாராம் வாயைப் பிளந்ததிலிருந்து எல்லாருக்கும் தெரிந்தது. கண்ணுச்சாமி, இல்லக்கா, அப்படியில்லக்கா என்று ஆரம்பித்து, ஜீப்பு என்ற சொல்லைத் தவிர மற்றதெல்லாம் சொன்னான். அக்கா அந்த மலையடிவாரத்தில் தனியாகக் கிடந்தால் ஊர் தன்னைக் காறித் துப்பாதா என்றான். அதில் கொஞ்சம் உண்மையும் இருந்தது. இருந்ததால்தான் அவனுக்குக் கண் கலங்கியது. மொக்கம்மாளுக்கும் ஒரு நிமிஷம் நெஞ்சு இளகியது. அவன் நடை பழகியது அவள் விரலைப் பிடித்துத்தான்.

"மதி" என்றாள். மலையில் மலையாளத்துப் பெண்களோடு இருந்து ஒட்டிக்கொண்ட சொல். போதும் என்று சொல்ல வேண்டிய இடத்திலெல்லாம் அவளுக்கு அதுதான் வரும். "நீ தள்ளி உக்காரு. நான் கை குடுக்குறேன்."

அழகுமலைக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. படியாத கை மறுபடி நுழையக் கூடாது, சங்கத்துச் சட்டம் என்றார்.

"படியாதது இவன் கையண்ணே. ஏங்கை இன்னும் நுழையவே இல்லையே."

அழகுமலை சட்டத்தை மனதுக்குள் முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தார். அது அவரே எழுதிய சட்டம், எங்கும் ஓட்டை இல்லை என்றுதான் நினைத்திருந்தார். வேறு வழியில்லாமல், சரி, உன் கைக்கு எதிர்க்கை கொடுக்க எந்த ஆம்பளை வருவான், அதைச் சொல்லு என்று கேட்டார். கொட்டகையில் சிரிப்புச் சத்தம் எழுந்தது. ராஜாராம் தன் கையை அவசரமாக மடிக்குள் வைத்துக்கொண்டார். அவர் நாற்பத்தைந்து வருஷம் யோக்கியமாக இருந்தவர். இந்த வயதில், இத்தனை பேர் நடுவில், அதைக் கெடுத்துக்கொள்ள விருப்பமில்லை.

மொக்கம்மாள் துண்டுக்கு முன்னால் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். எதிரே யாருமில்லை. எழுந்து போனால் பின்கட்டு, புளி மூட்டை, உரல். போகவில்லை. வலது கையை நீட்டியபடி உட்கார்ந்திருந்தாள். ஆம்பளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சிரிப்பு நின்று, இருமலாகி, இருமலும் நின்றது. அவள் நீட்டிய கையை மடக்கவில்லை.

அய்யம்மாள் வெற்றிலையைக் கொடுப்பில் அதக்கிக்கொண்டு வேப்பமரத்தடியிலிருந்து எழுந்தாள். கொட்டகைக்குள் வந்து புருஷனை, கொஞ்சம் நகருங்க என்று சொல்லிவிட்டு அவர் இடத்தில் உட்கார்ந்தாள். ராஜாராம் என்னவோ சொல்ல வாயெடுத்தார்.

"என் வளையலை வித்துக் கட்டின வீடு" என்றாள் அவள். "நானே வித்துக்கிறேன்."

அழகுமலை சட்டென்று குனிந்து தன் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். பொம்பளைகள் பேரம் பேசின துண்டை அப்புறம் அவர் எப்படிக் கட்டுவார். அய்யம்மாள் அவரை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. சேலை முந்தானையை உருவி இரண்டு கைகளுக்கும் மேல் போர்த்தினாள்.

இந்தக் காலனி உண்டான நாளிலிருந்து அப்படியொரு பேரம் நடந்ததில்லை. அய்யம்மாளுக்கு முறை அரைகுறையாகத்தான் தெரியும். முதலில் கட்டைவிரலைப் பிடித்துவிட்டாள். கட்டைவிரலுக்கு விலையே கிடையாது. மொக்கம்மாள் அதை மெதுவாக விடுவித்துச் சுட்டுவிரலைக் கொடுத்தாள். கை ஜில்லென்று இருந்தது, உள்ளங்கை முழுக்கக் காய்ப்பு, அவளுடையதைப் போலவே. ஆம்பளைகள் முழங்கையைப் பார்த்தார்கள். முந்தானை தோள்வரை மூடியிருந்தது, ஒன்றும் தெரியவில்லை. அத்தனை பேரும் கழுத்தை நீட்டி, வாழ்நாளில் முதல் தடவையாக, விலை தெரியாமல் நின்றார்கள். மழையைப் பற்றிப் பேச வேண்டும் என்பதும் அய்யம்மாளுக்குத் தெரியவில்லை. அவள் வீட்டைப் பற்றியே பேசினாள், தணிந்த குரலில், முன்வரிசைக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

"வடக்குச் செவரு ஈரம் காயாது தாயி. அவுக சொல்லியிருக்கமாட்டாக."

"பாத்தேன்."

"ஐப்பசியில மூணு நாளு நான் ஒத்தையா கெடந்தேன், அவுக போடியில மாட்டிக்கிட்டாக. அழுதேன். வாய்விட்டு அழுதேன்."

மொக்கம்மாளின் விரல்கள் அசையாமல் நின்றன. "அழுதா யாருக்காச்சும் கேக்குமா?" என்று கேட்டாள்.

"ஒருத்தருக்கும் கேக்காது."

"அப்பச் சரி" என்றாள் மொக்கம்மாள்.

பின்கட்டில் இருந்த ஆறு மாதத்தில் அவள் ஒரு தடவைகூட அழவில்லை. அழுதால் சந்திரவல்லி வந்து, என்னக்கா, என்னக்கா என்று கேட்பாள். பிறகு தெரு கேட்கும். அதற்கு முன் லயனில் பதினொரு குடும்பம் கேட்டிருக்கும். ஐம்பத்தெட்டு வயதில் அவளுக்கு ஆள் கேட்காத தூரம் ஒன்று வேண்டியிருந்தது, அழவோ பாடவோ இல்லை சும்மா திட்டவோ. அந்தத் தூரம் ஓடைக்கு அப்பால் நூற்றிருபது எட்டில் இருந்தது. பயம் போகவில்லை. பயம் இருக்கிற வீட்டை வாங்கக் கூடாது என்று எந்தச் சட்டத்திலும் இல்லை.

அய்யம்மாள் விரல்களைப் பிடித்தாள். மொக்கம்மாள் தள்ளினாள். மொக்கம்மாள் பிடித்தாள், அய்யம்மாள் கொஞ்சம் யோசித்துவிட்டு ஒரு விரலைப் பாதியில் மடக்கினாள். பிறகு இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அய்யம்மாள் முந்தானையை உதறித் தோளில் போட்டாள்.

படிந்துவிட்டது.

எவ்வளவுக்கு என்று கேட்க அழகுமலைக்கு நாக்கு துடித்தது. வாயால் விலை கேட்பது முறையல்ல என்பது அவருடைய சட்டம். பத்திரம் எழுதும்போது எப்படியும் தெரியும் என்று எல்லாரும் நம்பினார்கள். பத்திரத்தில் வழக்கம்போல வேறொரு தொகையை எழுதினார்கள். ராஜாராமிடம் கேட்டால் அவருக்கே தெரியாது, அய்யம்மாள் சொல்லவில்லை என்றார். அதை யாரும் நம்பவில்லை. ஆனால் அவர் முகத்தைப் பார்த்தால் நம்பத்தான் வேண்டியிருந்தது. எட்டரை என்று கீழத்தெருவில் சொல்கிறார்கள், பன்னிரண்டைத் தாண்டியது என்று பஸ் நிற்கிற இடத்தில். இந்த ஒரு விஷயத்தில் நமக்கும் வழியில்லாமல் போய்விட்டது.

கண்ணுச்சாமி அன்றைக்கு அக்காவோடு ஒரே பஸ்ஸில் திரும்பினான், வேறு இருக்கையில். இரண்டு நாள் பேச்சில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை அவள் டிரங்குப் பெட்டியைத் தூக்கியபோது, வைக்கா, நான் தூக்குறேன் என்று வந்தான். அவள் கொடுக்கவில்லை. பொங்கலுக்கு வா, தீபாவளிக்கு வா, தங்கக் கூடாது, சட்டம் அப்படி என்றாள். அவன் சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியாமல் நின்றான். சந்திரவல்லி வாசல்வரை வந்து, ஊறப்போட்ட அரிசியை இனி யார் உரலில் ஆட்டுவது என்பதைத் தவிர மற்றதெல்லாம் கேட்டாள்.

ராஜாராம் குடும்பத்தின் வண்டி அந்தப் பக்கம் போக, மொக்கம்மாள் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு கல் மேல் கால் வைத்து ஓடையைத் தாண்டினாள். காலனி முழுக்க இக்கரையில் நின்று பார்த்தது. யாரும் உதவிக்கு வரவில்லை, வந்தால் ஒத்துக்கொண்டது போலாகிவிடும். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் பத்து மணிவாக்கில் வேலுத்தாயால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. ஒரு கிண்ணத்தில் மோர் எடுத்துக்கொண்டு, புது வீட்டுக்காரிக்குக் கொடுக்கிற சாக்கில் ஓடையைத் தாண்டினாள். விலையைக் கேட்காமல் வருவதில்லை என்று இரண்டு பேரிடம் சொல்லிவிட்டுத்தான் போனாள். கதவு சாத்தியிருந்தது. தள்ளிப் பார்த்தாள். உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. பட்டப்பகலில், அடுப்பு எரிகிற நேரத்தில், எந்த வீட்டில் வாசல் தாழ்ப்பாள் போடுவார்கள். ஏதோ ஆகிவிட்டது என்றுதான் அவளுக்குத் தோன்றியது. பாதிப் பயமும் பாதிச் சந்தோஷமுமாகக் கதவைத் தட்டி, மொக்கம்மா, மொக்கம்மா என்று கூப்பிட்டாள்.

"ஆளு இருக்கேன்" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "இன்னைக்குத் தொறக்கல."

வேலுத்தாய் வீட்டைச் சுற்றிக்கொண்டு கொல்லைக் கதவுக்குப் போனாள். அதுவும் தாழ்ப்பாள். சமையல்கட்டு ஓட்டின் வழியாகப் புகை போய்க்கொண்டிருந்தது. உள்ளே பாத்திரம் ஏதோ உருண்டது. மோரை அங்கேயே நின்று அவளே குடித்துவிட்டு, காலிக் கிண்ணத்தோடு ஓடையைத் தாண்டி வந்தாள். வழியில் கேட்டவர்களிடமெல்லாம், அந்த அம்மாளுக்கு ரொம்பத் திமிர் என்றாள்.